சுவரைப் பார்வையிட்ட ஆசாரியன்

(நரிக்குடியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



வெயிலையும் பாராமல் அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். 

லேவியராகமம் 14-ம் அதிகாரத்தை நாம் பிரசங்கத்துக்கு எடுப்பது அபூர்வம். அதன் பிற்பகுதியில், வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரன் ஆசாரியனிடம் வந்து சொல்லுகிறான். ஆசாரியன் உடனே வீட்டை இடிக்கச் சொல்லுகிறதில்லை. சாமான்களை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, சுவரில் பச்சையும் சிவப்புமான குழிகள் ஆழமாய் இருக்கின்றனவா என்று பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து, மறுபடியும் வந்து பார்க்கிறான். படர்ந்திருந்தால் அந்தக் கற்களை மாத்திரம் பெயர்த்து, உட்புறத்தைச் செதுக்கி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைக்கச் சொல்லுகிறான். அதற்குப் பிறகும் திரும்பி வந்தால்தான் இடிக்க வேண்டும். வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில், இது பழைய காலத்துச் சடங்கு என்று இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். ஒரு காங்கிரீட் கூரைதான் என்னை இதை மறுபடியும் படிக்க வைத்தது.

பல வருடங்களுக்கு முன், இந்தக் கரிசல் காட்டில் ஒரு கிராமத்து மருந்தகத்துக்குப் பிரசவ அறை கட்டினோம். கட்டடக் கமிட்டியில் நானும் ஒருவன். அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. கண்மாயில் வெடிப்பு விழுந்திருந்தது. லாரித் தண்ணீர் வாங்கக் கையில் பணமில்லை. வளாகத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. "குடிப்பதற்குத்தானே ஆகாது, கலவை போடுவதற்கு என்ன?" என்று கமிட்டியில் பேசி முடிவு செய்தோம். நானும் கை தூக்கினேன்.

எட்டு வருடம் கழித்துக் கூரையின் அடிப்பக்கம் உப்பிப் பெயரத் தொடங்கியது. இரண்டு தடவை பூசினோம். காணிக்கைப் பணம், கூலிக்குப் போகிற விதவைகள் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம். இரண்டு தடவையும் உதிர்ந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஒரு பெரிய பாளம் விழுந்தது. அது விழுந்த கட்டிலில் படுத்திருந்த தாயும் பிள்ளையும் முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"கொத்தனார் சிமெண்டைத் திருடிவிட்டார்" என்று பேச்சு எழுந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் கேட்டவர்களுக்கு மறுத்தும் சொல்லவில்லை. சுற்று வட்டாரத்தில் ஒரு சபையும் அதற்குப் பிறகு அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

கடைசியில் கட்டடப் பொறியாளரான ஒரு தம்பி வந்தார். பெயர்ந்த இடத்தில் பினாப்தலீன் என்ற மருந்தைத் தெளித்தார். காங்கிரீட் ரோஜா நிறமாக மாறியது. அதன் காரத்தன்மை கெடவில்லை என்று அதற்குப் பொருள். காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். பிறகு ஏன் துருப்பிடித்தது? கூரையில் துளையிட்டு, மேலிருந்து உள்ளே அரை அங்குலத்துக்கு ஒருமுறை தூளை எடுத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அறிக்கையில் இரண்டு விஷயம் இருந்தது. சிமெண்ட் அளவு குறையவில்லை. உப்பிலுள்ள குளோரைடோ எல்லாப் பொட்டலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. வெளியிலிருந்து ஏறிய உப்பாக இருந்தால் மேற்பரப்பில் அதிகமாகவும், உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். எங்கும் ஒரே அளவு என்றால், கலவை போட்ட நாளிலேயே உள்ளே போன உப்பு. குளோரைடு அந்தக் காப்புப் படலத்தை உடைத்துவிடும். துரு இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் காங்கிரீட் பிளக்கும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தர விதி 456 (2000) சொல்லுகிறது. எங்கள் கிணறு அதைப்போலப் பல மடங்கு.

நான் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். அறிக்கையை வாசித்துக் காட்டினேன். "மூட்டையை எண்ணித்தானே ஐயா இறக்கினேன்" என்று மாத்திரம் சொன்னார். பிறகு, "உட்காருங்க ஐயா" என்று சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கூரையைக் காப்பாற்ற முடியவில்லை. உப்பு முழுவதும் பரவியிருந்தது. இடித்து, நல்ல தண்ணீரில் மறுபடியும் போட்டோம். அவரையே கூப்பிட்டோம். வந்தார்.

அன்றுமுதல் இப்படிப்பட்ட செய்திகள் எங்கே கிடைத்தாலும் வாசிக்கிறேன். நமக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்டது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே முக்கியமான ஆராய்ச்சி. மண்டபத்துக் கடல்நீரில் உலோகங்களை வைத்தே சோதித்துப் பார்க்கிறார்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அந்த உப்புக்காற்றோடு போராடி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் சேர்த்திருக்கிறார்கள்.

கட்டடத்துக்கு மாத்திரமல்ல, சரீரத்துக்கும் இப்படித்தான். அந்நாளைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் வாலிப வயதிலேயே முதுகு விறைத்துக் கூனிப்போனவர்கள் இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வாதம் போலத் தெரியும். ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர் நோயாளியோடு நிற்காமல் அவர்கள் குடித்த தண்ணீரையும் ஆராய்ந்து, காரணம் புளோரைடு என்று 1937-ல் வெளியிட்டார்கள். புளோரைடுக்கு ருசியில்லை, வாசனையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆய்வுக்கூடம்தான் காட்டிக்கொடுக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வழி பிறந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்ததற்கு இந்தப் புளோரைடே முக்கியக் காரணம்.

நம் மாவட்டத்துச் சிவகாசியை நினைத்துக்கொள்ளுங்கள். தீக்காயத்தோடு வருகிறவர்கள் படும் வேதனையை நான் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குளோரேட்டும் கந்தகமும் ஒன்றாகக் கலந்தால், சிறு உராய்விலும் தீப்பிடிக்கும். கந்தகத்தில் கொஞ்சம் அமிலம் இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே இந்தக் கலவையை 1992-ல் அரசாங்கம் தடை செய்தது. ஒரு வெள்ளைத் தூளையும் இன்னொரு வெள்ளைத் தூளையும் கண்ணால் பிரித்தறிய முடியுமா? 2019-ல் நீரி ஆய்வு நிறுவனம் சிவகாசியிலேயே மூலப்பொருள் சோதனைக்கூடம் அமைத்தது. தூள் தொழிலாளியின் கைக்குப் போகுமுன் அது இன்னதென்று அங்கே சோதித்துக்கொள்ளலாம்.

அன்பானவர்களே, உங்களில் பலர் உங்கள் சபைகளில் கட்டடக் கமிட்டியில் இருக்கிறீர்கள். ஆலயமோ, பள்ளியோ, மருந்தகமோ கட்டுமுன் உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டிச் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செலவு ஒருதடவை பூசுகிற கூலிக்குக்கூட வராது. ஏற்கெனவே கட்டியதில் விரிசல் கண்டால் பூசி மறைக்காதிருங்கள். யாரையும் திருடன் என்று சொல்லாதிருங்கள். முதலில் ஒரு துண்டை எடுத்து அனுப்புங்கள்.

அந்த ஆசாரியன் ஏழு நாள் பொறுத்திருந்து மறுபடியும் வந்து பார்த்தான். நான் ஏழு நிமிஷமும் யோசிக்காமல், ஒரு மனுஷனுடைய பிழைப்பைக் கெடுக்க உடந்தையாக இருந்தேன். உங்களுக்கு அந்த வருத்தம் வரவேண்டாம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.