வெர்சாய் ஒப்பந்தத்தில் நம்ம காரைக்கால்



இலக்கியக் கூட்டத்தில் அமெரிக்காவுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. வேலை இருக்கிறது ஐயா, அமெரிக்கச் சுதந்திரப் போர் நம்ம காரைக்கால் வரைக்கும் வந்தது. காரைக்கால் என்றால் திருநள்ளாறு போகிற வழியில் டீ குடிக்கிற ஊர் என்று பேசித் திரியும் மேதாவிகள் சிலர் உண்டு. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அவர்கள் காதிலும் கொஞ்சம் விழட்டும்!

1776-ல் பதின்மூன்று குடியேற்றங்கள் இங்கிலாந்து ராஜாவோடு உறவை அறுத்துக்கொண்டன. வாஷிங்டனிடம் நெஞ்சுரம் இருந்தது, வெடிமருந்துதான் போதவில்லை. கிழவர் பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிசுக்கே போய் உட்கார்ந்து பிரெஞ்சுக்காரரை வளைத்தார். 1778 பிப்ரவரி 6-ல் கூட்டணி. கையெழுத்து விழுந்தது பாரிசில், அடி விழுந்தது நம்ம தலையில்! அதே வருஷம் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த காரைக்கால் ஆங்கிலேயர் கைக்குப் போனது, அக்டோபரில் புதுச்சேரியும் போனது.

1782-ல் பிரெஞ்சுக் கடற்படையோடு வந்தார் தளபதி சுப்ரென். ஜூலை 6, ஆனி மாசம், நாம் திருவிழாவில் மாங்கனி இறைக்கிற மாசம். நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் 11 கப்பல், சுப்ரென் 11 கப்பல். திடீரென்று காற்று திசை மாறி இரண்டு அணியும் கலைந்துபோயின. 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் பயந்துபோய்க் கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். கொடி இறங்கியும்விட்டது! கீழே இருந்த அதிகாரிகள் விட்டார்களா? நீர் சரணடையும், நாங்கள் சுடுகிறோம் என்று பீரங்கியை விடாமல் முழக்கினார்கள், கொடி மறுபடி ஏறியது. சண்டை ஓய்ந்த பிறகு, சரணடைந்த கப்பலைக் கொடு என்று ஹியூஸ் ஆள் அனுப்பினார். சுப்ரென் அசரவில்லை. கொடிக்கயிறு குண்டு பட்டு அறுந்துபோச்சு என்று ஒரே போடு! கை தட்டுங்கள், நம்ம கட்சிக்காரர்களுக்கே இவ்வளவு சமயோசிதம் வராது.

அன்று மாலை பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரம் போட்ட இடம் எது? நம்ம காரைக்கால் கடல். இரு தரப்பிலும் செத்தவர் 250 பேருக்கு மேல்.

சரித்திரத்தில் அட்மிரல் பெயர் இருக்கிறது, கேப்டன் பெயர் இருக்கிறது, சாதாரணச் சிப்பாய் பெயர்? 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே பீரங்கிக்கு ஆள் போதாமல், கரையில் நின்ற படையிலிருந்து சுமார் 1,200 பேரை சுப்ரென் கப்பலில் ஏற்றினார். அதில் நம்ம நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. அந்தச் சிப்பாயின் பேர் என்ன? எந்த ஊர்? யாராவது எழுதினார்களா? ஜூன் 20-ல் சண்டை நடந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று! சேதி கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன சண்டைக்குச் செத்தான் அந்தப் பேர் தெரியாதவன்.

அமெரிக்காக்காரருக்கு அப்போது நம்ம பக்கம் தெரிந்திருந்தது. பிலடெல்பியாவில் ஒரு போர்க்கப்பலுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரலில் ஜோஷுவா பார்னி அந்தக் கப்பலில் போய், தன்னைவிட வலிய 'ஜெனரல் மாங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தார். மைசூர் ஆட்சியாளரின் பெயர் டெலவர் வளைகுடாவில் ஜெயித்தது! யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற கார்ன்வாலிஸ் என்ன ஆனார்? 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரல். அங்கே தோற்றவருக்கு இங்கே பதவி உயர்வு. இந்த வழக்கம் இன்றைக்கும் சில கட்சிகளில்... வேண்டாம், விடுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டே நிமிஷம்.

1783 செப்டம்பர் 3. அமெரிக்கா சுதந்திர நாடு என்று பாரிசில் கையெழுத்தான அதே நாள், பிரான்சோடு வெர்சாயில் தனி ஒப்பந்தம். புதுச்சேரிக்கு வில்லியனூர், பாகூர். காரைக்காலுக்கு அதை ஒட்டிய நான்கு மாகாணம், அதாவது கிராமத் தொகுதி, என்று அதில் எழுதியிருக்கிறது. டீ குடிக்கிற ஊராம்! ஊர் நம்ம கைக்கு வரவில்லை, பிரெஞ்சுக்காரர் கைக்குத்தான், அதுவும் 1785-ல். எட்டே வருஷம். 1793-ல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்து பிடித்துக்கொண்டார்கள்.