எலி ஏறாத தீவு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு தீவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் நோய்த்தடுப்புக் கதைதான்.

இந்து சமுத்திரத்தில், சீஷெல்ஸ் நாட்டிலுள்ள கசின் தீவு 30 ஹெக்டெயருக்கும் குறைந்தது. முன்னர் அது தென்னந்தோட்டம். சீஷெல்ஸ் கதிர்க்குருவி என்னும் சிறு பறவை 1960களில் உலகிலேயே அங்கு மட்டும்தான் எஞ்சியிருந்தது. அதுவும் 30க்கும் குறைவு. காடழிப்பும், மனிதரோடு கப்பலேறி வந்த எலியும் பூனையும் மற்றத் தீவுகளில் அதை அழித்துவிட்டன.

1968இல் பறவைகள் பாதுகாப்புக்கான சர்வதேச சபை கசினை விலைக்கு வாங்கியது. பறவைகளைக் கூண்டில் வைத்து வளர்க்கவில்லை. தென்னைகளைக் குறைத்து, அந்த மண்ணுக்குரிய மரங்கள் வளர இடம் விட்டார்கள். காடு திரும்பியது, இலைகளில் பூச்சிகள் பெருகின, அவற்றைத் தின்னும் குருவிகள் 300ஐத் தாண்டின.

கடற்பறவைகளுக்கும் அது தாய்வீடு. வெள்ளை ஆலா கூடு கட்டுவதில்லை. வெறுங்கிளையில் ஒரேயொரு முட்டை இடும். வேறு சில பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். எலியை அறியாமல் வாழ்ந்த இனங்கள் இவை. சினைப்பட்ட ஓர் எலி கரையேறினாலே போதும். அதனால் வெளிப் படகுகள் அங்கே கரை தட்டக்கூடாது. பார்வையாளர்கள் கடலிலேயே தீவின் படகுக்கு மாற வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் நாங்கள் கை கழுவுவதைப் போன்றது இது. வந்தபின் மருந்து தேடுவதைவிட வராமல் காப்பது இலகு.

எல்லாக் குருவிகளும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோயோ தீயோ போதும். ஆகவே 1988இல் 29 குருவிகளை அரீட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் வேறு மூன்று தீவுகளுக்கும். இன்று அவை ஐந்து தீவுகளில் வாழ்கின்றன.

எங்கள் மன்னார்க் கடலில், இராமர் அணை மணல்திட்டுகளிலும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. 2015இல் அது தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் வர்த்தமானி அறிவித்தல் முட்டைக்குக் காவல் நிற்காது. வெறும் மணலில், மணல் நிறத்திலேயே கிடக்கும் முட்டை காலடியில் நசுங்கிவிடும். தாய்ப்பறவை பயந்து எழுந்தால் வெயிலே அதை அவித்துவிடும். விடுமுறைக்கு வரும் உங்கள் பிள்ளைகளுக்கு அப்பறவைகளைக் காட்டுங்கள். முட்டையிடும் காலத்தில் திட்டில் இறங்காமல், தூரத்தில் நின்று காட்டுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை அங்கே போட்டுக் காகத்தையும் நாயையும் அழைக்காதீர்கள்.

சின்ன இடம் என்பதால்தான் எங்களால் முழுமையாகக் காக்க முடியும்.