எந்தக் கதவு மிக அருகில்?

(ஷஅபான் மாதக் கடைசி வெள்ளியன்று, ஜும்ஆவுக்குப் பின் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

அல்ஹம்துலில்லாஹ், இன்னும் சில நாட்களில் ரமலான் பிறை பார்க்கப் போகிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். எனக்குக் கொடுத்திருக்கும் கால் மணி நேரத்தில் நான் கணக்குப் பேசப் போவதில்லை. நாம் குடியிருக்கும் ஃபிளாட்டுகளைப் பற்றியும், தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டைப் பற்றியும் பேசப் போகிறேன்.

நான் மண்ணடியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். ஒரு முற்றம், ஆறு குடும்பம், ஒரு அடிபம்பு. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்று நம்மில் பெரும்பாலோர் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். என் குடியிருப்பில் ஐந்து மாடி, இருபது வீடு. அதில் ஏழு வீடு நம்மவர்கள். லிஃப்ட் உண்டு, வாட்ச்மேன் உண்டு, எல்லா வீட்டுக்கும் இரட்டைக் கதவும் உண்டு.

குறை சொல்ல வரவில்லை. ஃபிளாட்டிலும் நோன்புக் காலம் அழகாகத்தான் வருகிறது. அஸருக்குப் பிறகு படியில் ஏறினால் முதல் மாடியில் வெந்தயமும் பூண்டும் மணக்கும். மூன்றாம் மாடியில் வடை பொரியும். தராவீஹ் முடிந்து வரும்போது லிஃப்ட் வாசலில் தொப்பி போட்ட பொடியன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் மேற்கு என்று தெரியாமலேயே பிள்ளைகள் பிறை தேடுவார்கள். நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சி உண்டு, ஒன்று நோன்பு திறக்கும்போது, இன்னொன்று தன் இறைவனைச் சந்திக்கும்போது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது நமக்குத் தெரியும். முதல் மகிழ்ச்சி ஒரு பேரீச்சம்பழத்திலும் ஒரு மடக்குத் தண்ணீரிலும் கிடைத்துவிடுகிறது. அந்தச் சின்ன மகிழ்ச்சி நம் படிக்கட்டில் எல்லாக் கதவுக்குள்ளும் போய்ச் சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சென்ற ரமலானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பம் இப்போது வேறு ஊரில் இருக்கிறது. அந்தச் சகோதரியிடம் கேட்டு, பெயரில்லாமல் சொல்லலாம் என்று அவர் சொன்ன பிறகே சொல்கிறேன்.

பள்ளியில் கஞ்சி ஊற்றும் இடத்தில் நான் நிற்பது வழக்கம். பத்து வயதிருக்கும் ஒரு பையன் தினமும் பெரிய தூக்கோடு வருவான். ஊற்றி முடித்ததும், "இன்னொரு கரண்டி ஊத்துங்க பாய்" என்பான். ஒரு நாள் நான் எரிச்சலில், "ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான்பா. பின்னால வரிசை நிக்குது பாரு" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை. தூக்கை மூடிக்கொண்டு போய்விட்டான். மறுநாளிலிருந்து அவன் இரண்டாவது கரண்டி கேட்கவே இல்லை.

நாலைந்து நாள் கழித்து எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் படியேறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அதே பையன், அதே தூக்கு. என் வீடு மூன்றாம் மாடி. அவன் இரண்டாம் மாடியில் நின்று கதவைத் தட்டினான். என் வீட்டுக்கு நேர் கீழே உள்ள வீடு! குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டுக் கூரை எனக்குத் தரை. எனக்கு அவர்களைத் தெரியாது.

அன்றிரவே என் மனைவியை அனுப்பினேன். அவர் திரும்பி வந்து சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். கணவர் வளைகுடாவில். அவர் வேலை பார்த்த கம்பெனி நாலு மாதமாகச் சம்பளம் தரவில்லை. வளையலை விற்று வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் தீர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. பள்ளிக் கஞ்சிதான் இஃப்தாருக்கும். மிச்சம் வைத்து சஹருக்கும். தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஒரு தூக்கு.

நான் எந்தக் கரண்டியை மறுத்தேன் என்று அப்போது விளங்கியது. அது அந்தத் தாயின் சஹர்.

இன்னும் கேளுங்கள். அந்த ஒன்பது நாளும் அவர்கள் முழுப் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். எதிர் வீட்டு அம்மா. நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் நாலைந்து தோசை சுட்டு, "பிள்ளைங்களுக்கு" என்று கொடுத்து வந்திருக்கிறார். நான் நன்றி சொல்லப் போனேன். உங்களுக்கு எப்படியம்மா தெரிந்தது என்று கேட்டேன். "அவங்க வீட்டுல மிக்ஸி சத்தமே கேக்கல பாய். நோன்பு மாசத்துல உங்க வீடுகள்ல விடியக்காலையே மிக்ஸி ஓடுமே. மூணு நாள் பாத்தேன். அப்புறம் கதவைத் தட்டிட்டேன்" என்றார்.

அன்புச் சகோதரர்களே! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தமக்கு இரண்டு அண்டை வீட்டார் இருந்தால் யாருக்கு அன்பளிப்பு கொடுப்பது என்று நபியவர்களிடம் கேட்டார்கள். யாருடைய வாசல் மிக அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று பதில் வந்தது. புகாரியில் பதிவான ஹதீஸ் இது. குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். மதரஸாவில் இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்தவன் நான். எதிர் வீட்டு அம்மா எதையும் மனப்பாடம் செய்யவில்லை. மிக்ஸி சத்தம் கேட்கவில்லையே என்று கவலைப்பட்டார், அவ்வளவுதான்.

ஃபித்ரா பட்டியல் எடுக்க நாம் எங்கே போகிறோம்? குடிசைப் பகுதிக்கும் நடைபாதைக்கும் போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் ஃபிளாட்டில் இருப்பவன் வசதியானவன் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். வாடகை கொடுப்பவனுக்கும் பசிக்கும். இரட்டைக் கதவு இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

ஆகவே இந்த ஆண்டு நிர்வாகக் குழு சில முடிவுகள் எடுத்திருக்கிறது.

முதலாவது, நம் மக்கள் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும் பொறுப்பெடுக்க வேண்டும். முதல் பத்து நோன்புக்குள் நம் வீடுகள் அனைத்துக்கும் ஒரு கிண்ணம் கஞ்சியோடு போய் சலாம் சொல்லி வர வேண்டும். விசாரணைக்குப் போவது போல் போகக் கூடாது. யாருக்காவது தேவை இருப்பது தெரிந்தால் என்னிடமோ பொருளாளரிடமோ மட்டும் சொல்லுங்கள். பெயர் எந்தப் பலகையிலும் ஏறாது, எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வராது.

இரண்டாவது, கஞ்சி ஊற்றும் இடத்தில் இனி யாரும் இரண்டாவது கரண்டிக்குக் காரணம் கேட்கக் கூடாது. அரசு தரும் பச்சரிசியும் நீங்கள் தரும் பருப்பும் தேங்காயும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். அண்டாவில் தீர்ந்துபோனால் தீர்ந்துபோகட்டும்.

மூன்றாவது, ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பெருநாள் இரவு பதினொரு மணிக்கு வரும் அரிசியை வைத்து ஒரு தாய் என்ன செய்வார்? பிள்ளைக்குச் சட்டை எப்போது எடுப்பார்? ரமலான் பிறந்ததிலிருந்தே கொடுக்க ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் அனுமதி இருக்கிறது. இருபதாம் நோன்புக்குள் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, எல்லா மதத்து அண்டை வீட்டாரைப் பற்றியது. சந்திர மாதக் கணக்கில் ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. இப்போது பொதுத்தேர்வுக் காலத்தோடு சேர்ந்து வருகிறது. சஹர் நேரத்தில் சேர் இழுக்கும் சத்தமும், தராவீஹ் முடிந்து கீழே வண்டியருகில் நின்று பேசும் பேச்சும் படிக்கிற பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். நம் வணக்கத்தால் அடுத்தவருக்குத் தொல்லை வரக் கூடாது. வாட்ச்மேனையும், படி பெருக்க வரும் அம்மாவையும் பெருநாள் பிரியாணியோடு நினைவில் வையுங்கள். மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று இருக்காதீர்கள். முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு இருபத்தைந்தாம் நோன்பன்று அந்தச் சகோதரி என் மனைவியிடம் ஒரு மஸ்அலா கேட்டார்: "நாங்களும் ஃபித்ரா கொடுக்கணுமா லாத்தா?" பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தேவையான உணவு போக மிச்சம் இருந்தால்தான் ஷாஃபி மத்ஹபில் கடமை, ஹனஃபியில் நிஸாப் அளவு இருந்தால்தான் கடமை, ஆகவே உங்கள் மேல் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனாலும் பெருநாள் காலையில் அந்தப் பையன் எங்கள் கதவைத் தட்டினான். கையில் ஒரு சின்னக் கிண்ணம். உம்மா கொடுத்தாங்க என்றான். சேமியா. நாலு பேருக்கு நாலு கரண்டி வரும். எதிர் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொண்டுவந்திருந்தான்.

அவர்கள் வாசலுக்கு மிக அருகில் இருந்தது அந்தக் கதவுதானே!

வரும் ரமலானை நம் அனைவருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தோடு அடையச் செய்வானாக. நம் அண்டை வீட்டாரின் பசி நமக்குத் தெரியாமல் போகாதபடி நம்மைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.