கருந்துளை வழியே விதேகம் செல்ல இயலுமோ?



பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடிகளை வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. அம்மாமுனிவர் விதேக க்ஷேத்திரம் சென்று, சீமந்தர தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் அறவுரை கேட்டு மீண்டார் என்பது நம் முன்னோர் போற்றிவந்த வரலாறு. 10ஆம் நூற்றாண்டில் தேவசேனர் இயற்றிய தரிசனசாரமும் சீமந்தரரிடம் அவர் ஞானம் பெற்றதைக் குறிப்பிடுகின்றது. அறிவியல் பயிலும் நம் பிள்ளைகள் இதனைக் கேட்டவுடன், "அப்படியானால் அவர் கருந்துளை வழியாகச் சென்றிருப்பாரோ? வேறொரு பரிமாணத்தில் பயணம் செய்திருப்பாரோ?" என வினவுகின்றனர். "ஆம், ஐன்ஸ்டைன் கூறியதெல்லாம் நம் ஆகமத்தில் முன்பே உள்ளது" என்று விடையளிப்பது எளிது. அவ்விடை உண்மைதானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் அறிவியல் கூறுவதைக் காண்போம். ஐன்ஸ்டைன் 1905இல் சிறப்புச் சார்பியலையும் 1915இல் பொதுச் சார்பியலையும் வெளியிட்டார். விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும்; ஈர்ப்பு மிகுந்த இடத்திலும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பன அவற்றின் முடிவுகள். இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. நம் கைபேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. அதனைத் திருத்தாவிடில் வழி தவறிவிடும்.

அடுத்தது கருந்துளை. சூரியனை 3 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக நெருக்கிவிட்டால் ஒளியும் அதிலிருந்து தப்ப இயலாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தார். அவ்வெல்லையைக் கடந்த விண்மீன் என்னவாகும் என்னும் வினாவின் விடைகளுள் ஒன்றே கருந்துளை. எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படம் 2019இல் வெளியிடப்பட்டது.

மூன்றாவது, இரண்டு இடங்களைக் குறுக்கே இணைக்கும் புழுத்துளை. ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935இல் இதற்கொரு கணித வடிவம் தந்தனர். அந்தப் பாலம் ஒளி கடப்பதற்கு முன்பே அறுந்துவிடும் என்று வீலரும் புல்லரும் 1962இல் காட்டினர். அது திறந்தே இருக்க வேண்டுமாயின் எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் தேவை என்று மாரிஸும் தோர்னும் 1988இல் எழுதினர். புழுத்துளையை இதுவரை எவரும் கண்டதில்லை. ஆகவே கடிகார வேறுபாடு அளந்தறிந்தது. கருந்துளை கணித்துப் பின் கண்டது. புழுத்துளைப் பயணம் இன்றளவும் ஊகம். பிரமாணங்களை வகைப்படுத்திக் கற்ற மரபினராகிய நாம் இம்மூன்றையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது.

இனி ஆகமத்தை நோக்குவோம். பரத க்ஷேத்திரத்தில் உற்சர்ப்பிணி, அவசர்ப்பிணி என்னும் காலச் சுழற்சி உண்டு. விதேகத்தில் அது இல்லை. இதனைச் சார்பியலோடு ஒப்பிடுவோர் உளர். ஆனால் பரதத்தில் மாறுவன ஆயுள், உயரம், இன்பதுன்ப நிலை ஆகியவை. சமயம் என்னும் மிகச்சிறு கால அளவு இரண்டு இடங்களிலும் ஒன்றே. சார்பியலிலோ காலம் ஓடும் விகிதமே மாறுகின்றது. இரண்டும் ஒன்றல்ல.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். ஒரு பரமாணு ஒரே சமயத்தில் பதினான்கு ராஜு உயரமுள்ள உலகம் முழுவதையும் கடக்க வல்லது என்பது ஆகமம். எப்பொருளும் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்னும் ஒளியின் வேகத்தை விஞ்சாது என்பது சார்பியல். இங்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. சியாத்வாதமே சார்பியல் என்பாரும் உளர். சியாத்வாதம் எப்பொருளையும் பல நயங்களால் உரைக்கும் முறை. சார்பியல் இயக்கத்தையும் ஈர்ப்பையும் அளக்கும் கணிதம். ஒற்றுமை உள்ளதுபோல் தோன்றுவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இவ்வளவு நுணுகிப் பார்ப்பது எதற்காக? ஆசாரியரின் பயணம் சாரண ரித்தியால், அதாவது தவத்தின் பயனால் நிகழ்ந்தது என்றே மரபு கூறுகின்றது. அதனைப் புழுத்துளை என்னும் ஊகத்தில் கட்டிவைத்தால், நாளை அந்த ஊகம் பொய்த்துப்போகும் அன்று ஆசாரியரின் பெருமையும் உடன் வீழும். கல்லூரியில் இயற்பியல் பயிலும் மகள், "வீட்டில் சொன்னது பிழை" என்று கண்டால் அந்த ஒன்றை மட்டும் விலக்கமாட்டாள். அகிம்சையையும் அபரிக்கிரகத்தையும் சேர்த்தே ஐயுறுவாள். அறியாததை அறிந்ததாகக் கூறுவது சத்திய அணுவிரதத்திற்கும் இழுக்கு.

ஆகவே பிள்ளைகள் கேட்கும்போது, "இது அறிவியல் அளந்தது; இது அறிவியலின் ஊகம்; இது நம் ஆகம நம்பிக்கை; இங்கே அவை வேறுபடுகின்றன" என்று பிரித்துக் கூறுவோம். ஒவ்வொன்றையும் அதனதன் நோக்கில் நிறுத்திப் பேசுவதே அநேகாந்தம். அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளை இரண்டையும் மதிக்கும்.

ஆசாரியர் நமக்கு அளித்துச் சென்றது வான்வழிக் குறிப்பன்று. சமயசாரம், பிரவசனசாரம், நியமசாரம், பஞ்சாஸ்திகாயம் முதலிய நூல்கள். சமயசாரத்தில் சமயம் என்பது காலத்தைக் குறிக்கவில்லை, ஆன்மாவைக் குறிக்கின்றது. அந்நூலைப் பயில்வதற்கு எக்கருந்துளையும் வேண்டா. நாள்தோறும் சிறிது நேரமும் அமைந்த மனமும் போதும். இவ்விழா நாள் தொட்டு நம் இல்லங்களில் அப்பயிற்சி தொடங்குக.

அறம் வளர்க! ஜெய ஜினேந்திரா!