கேட்டுச் செய்வோம் என்றார்கள்



புதுச்சேரியைப் பற்றிப் பேசக் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு ஏன் வர வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்றவன் மலையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரனிடம் கொடுத்துவிட்டான் என்கிறது சங்க இலக்கியம். ஓரியின் வில்லைப் புலவர்கள் புகழ்ந்தார்கள்; ஆடிப்பெருக்கில் செம்மேட்டில் நாமும் அவனுக்கு விழா எடுக்கிறோம். மலை கைமாறியபோது மலையில் இருந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் படித்த எந்தப் பாட்டிலும் இல்லை. இந்தக் கருத்தரங்கின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வரலாற்று மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைச் சிறைவைத்த சேந்தமங்கலம் இதுவல்ல. அது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. சிற்றரசன் பேரரசனைப் பிடித்து அடைத்த கதை கேட்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த இரண்டு நாளும் நாம் பேசப்போவது அதற்கு நேர்மாறான கதைகள்.

புதுச்சேரியின் விடுதலைக் கதை நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவலர் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள், வ. சுப்பையாவின் தலைமையில் தொழிற்சங்கம் வளர்ந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பள்ளிப் புத்தகம் அத்தோடு முடித்துக்கொள்கிறது. எனக்கு அதற்கு முந்தைய ஏழாண்டும் பிந்தைய எழுபதாண்டும்தான் முக்கியம்.

1947 ஆகஸ்டுக்கு முன் புதுச்சேரியைச் சுற்றி இருந்தது இன்னொரு காலனி. அந்த எல்லைக்குள்தான் பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் தஞ்சம் புகுந்தார்கள். 1947க்குப் பின் அதே எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய சுதந்திர நாடு நின்றது. புதுச்சேரி ஒரே துண்டு நிலமல்ல என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் போகிற வழியில் தமிழ்நாடு குறுக்கே வரும், போகும், மறுபடி வரும். காரைக்கால் தெற்கே தனியாகக் கிடக்கிறது. மாகே மலையாளக் கரையில். ஏனாம் கோதாவரி முகத்தில். இப்படிச் சிதறிய நிலத்தைச் சுற்றிச் சுங்க வேலி போட்டால் என்ன ஆகும்? 1949இல் இந்தியா அதைத்தான் செய்தது. பிறகு பர்மிட் முறையும் வந்தது. வயல் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்றிருந்த குடியானவர்களுக்கும், அக்கரையில் பெண் கொடுத்தவர்களுக்கும் அன்றாடமே தொல்லையானது. அகிம்சை நாடு கத்தியின்றி நெருக்கியது என்று பெருமையாக எழுதுவோர் உண்டு. கத்தி இல்லைதான். நெருக்கடி நெருக்கடிதான்.

இந்தியாவைப் பிரான்ஸோடு ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். புதுச்சேரித் தமிழர் இந்தியாவோடு சேரத்தான் விரும்பினார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சேர விரும்புவது வேறு, சேர்ந்தபின் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள விரும்புவது வேறு. நம் வரலாற்று எழுத்து முதல் விருப்பத்தைக் கொண்டாடிவிட்டு இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. இதுதான் என் முறையீடு.

மக்களைக் கேட்டு முடிவு செய்வோம் என்று 1948 ஜூனில் பிரான்ஸ் சொன்னது, இந்தியாவும் ஏற்றது. 1949 ஜூன் 19 அன்று வங்காளத்துச் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 பேர், வேண்டாம் என்று 114 பேர். அதைப் பார்த்தபின் மற்ற நான்கு இடங்களிலும் வாக்கெடுப்பு நடத்தப் பிரான்ஸுக்கு அவசரம் இருக்கவில்லை. தேதி தள்ளிக்கொண்டே போனது. 1952 அக்டோபரில் இந்தியாவும் வாக்கெடுப்பே வேண்டாம், நேரடியாக ஒப்படையுங்கள் என்றது. உள்ளூரில் ஆளும் கட்சியின் அடியாட்கள் இருக்கும்வரை நேர்மையான வாக்கெடுப்பு நடக்காது என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. அந்தக் கட்சியின் தலைவர் எதுவார் குபேரின் ஆட்கள் தேர்தல் நடத்திய விதம் ஊரறிந்தது. அதே குபேர் 1954 மார்ச்சில் பக்கம் மாறி, நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியின் கீழ் நின்றார். 1963 ஜூலை 1 அன்று முதல் முதலமைச்சராகவும் ஆனார். அரசியலில் காற்றின் திசை அறிந்தவர்களுக்கு என்றும் குறைவிருந்ததில்லை.

கடைசியில் கேட்டது யாரை? 1954 அக்டோபர் 18, கீழூர். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். அவர்களில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. முடிவு சரியானதே. பொது வாக்கெடுப்பு வைத்திருந்தாலும் இதே முடிவு வந்திருக்கும் என்றே நானும் நம்புகிறேன். எனினும் அந்தச் சிற்றூரில் அன்று வாக்களித்தவர்கள் முன்பே நடந்த, நாம் இப்போது குறை சொன்ன அதே தேர்தல்களில் வந்தவர்கள். பிரான்ஸுக்கும் இது போதும், இந்தியாவுக்கும் இது போதும் என்றாகிவிட்டது.

இந்தியாவும் பிரான்ஸும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவுக்கு வருகிறேன். 1954 நவம்பருக்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும், அதில் அரசியலமைப்பு மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தபின்பே செய்யப்படும் என்கிறது அந்தப் பிரிவு. எப்படி அறிவது, யார் அறிவது, அறிந்ததை யார் சரிபார்ப்பது என்பது குறித்து ஒரு வரியும் இல்லை. பிரெஞ்சு நாடாளுமன்றம் இதை ஏற்று, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி இணைப்பு முழுமையானது. கையெழுத்திட்டவர்கள் இரண்டு அரசுகள். வாக்குறுதி மூன்றாமவருக்கு. வாக்கு தவறினால் கேட்கும் உரிமை அந்த மூன்றாமவருக்கு இல்லை. கேட்கக் கூடிய பிரான்ஸுக்கோ கேட்கும் அக்கறை இல்லை.

இந்தக் கோணல் புதுச்சேரிக்கு மட்டும் உரியதல்ல. 1984இல் பிரிட்டனும் சீனாவும் ஹாங்காங்குக்கு ஐம்பதாண்டு வாக்குறுதி ஒன்று எழுதின. 2017இல் சீன வெளியுறவுத் துறையின் பேச்சாளர் அந்த ஆவணத்துக்கு இனி நடைமுறைப் பொருளில்லை என்றார். இத்தாலியக் காலனியாக இருந்த எரித்திரியாவை ஐ.நா. 1952இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாகச் சேர்த்து வைத்தது; பத்தே ஆண்டில், 1962 நவம்பரில், எத்தியோப்பியா கூட்டாட்சியைக் கலைத்து நாட்டை விழுங்கியது. 1961இலேயே தொடங்கிவிட்ட போர் முப்பதாண்டு நீண்டது. புதுச்சேரியில் அப்படி எதுவும் நடக்கவில்லை, ஒப்பிடவும் கூடாது. நான் காட்டுவது வாக்குறுதி எழுதப்பட்ட முறையை மட்டுமே.

உள்நாட்டு ஒப்பீடுதான் எனக்கு உறுத்துகிறது. கோவாவை 1961 டிசம்பரில் இந்தியப் படை எடுத்துக்கொண்டது. மக்களைக் கேட்போம் என்று போர்ச்சுகலுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆனாலும் மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, தனியாக இருப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். தனியாக இருக்கிறோம் என்றார்கள், அப்படியே விடப்பட்டார்கள். ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு வாக்குப்பெட்டி கிடைத்தது. ஒப்பந்தம் இருந்தவர்களுக்கு 1979 ஜனவரியில் கிடைத்தது என்ன? புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசிய பேச்சு. அப்போது சட்டப்பேரவைகூட இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி. மக்கள் தெருவில் இறங்கினார்கள், அதற்குமுன் அங்கே ஆண்ட அ.தி.மு.க. அடுத்த தேர்தலில் தோற்றது, திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் விருப்பத்தை அறிய அதுவரை நடந்த ஒரே வாக்கெடுப்பு அந்தத் தெருப் போராட்டம்தான் என்பேன்.

1979இல் புதுச்சேரி மக்கள் அஞ்சியது டெல்லியைவிடத் தமிழ்நாட்டைக் கண்டு. இதைத் தமிழ்நாட்டு மேடைகளில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஒரே மொழி, ஒரே சாதி, ஒரே சாமி, பிறகு எதற்கு எல்லை என்பார்கள். வார இறுதியில் மலிவு மதுவுக்காக அந்த எல்லையைக் கடப்பவர்கள் அப்படிக் கேட்பது வேடிக்கை. பெரிய மாவட்டம் ஒன்றின் ஓரத்துத் தாலுகாவாகிவிடுவோம் என்ற அச்சத்தைக் கொல்லிமலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த அலுவலகத்துக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது.

டெல்லிக்கு வருவோம். சில ஒன்றியப் பகுதிகளுக்குச் சட்டப்பேரவை அமைக்க வழி செய்யும் அரசியலமைப்பின் 239ஏ பிரிவு 1962இல் வந்தது. அது ஒரு வரிசை: இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுச்சேரி. 1971இல் இமாசலம் மாநிலமானது. மணிப்பூரும் திரிபுராவும் 1972இல். கோவா 1987இல். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள், புதுச்சேரி மட்டும் வாசலில். 2019இல் அந்த வாசலுக்குத் துணையாக இன்னொருவர் வந்தார்: மாநிலமாக இருந்து இறக்கப்பட்ட ஜம்மு காஷ்மீர். மேலேறும் படி என்று நாம் நம்பிய பிரிவு கீழே இறக்கவும் பயன்படும் என்று அன்றுதான் தெரிந்தது. நம் அரசியல் அறிவியல் துறைகள் இதைக் கவனித்து எழுதியிருக்க வேண்டும்.

தன்னாட்சி என்பது கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதுதான். 2016 முதல் 2021 வரை துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதலமைச்சர் நாராயணசாமிக்கும் நடந்த இழுபறியை ஆளுமைச் சண்டையாகவே பத்திரிகைகள் எழுதின. 2019 பிப்ரவரியில் ஒரு முதலமைச்சர் கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் படுத்துக் கிடந்தார் என்றால், அது மனிதர்களின் குணத்தால் மட்டும் நேர்ந்ததா? அந்த ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்றது; 2020 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த 30 பேரோடு மத்திய அரசு நியமித்த மூவரும் பேரவையில் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச்சேரி அரசைக் கேட்காமலே நியமிக்கலாம். 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது அந்த மூவரும் அவையில் இருந்தார்கள். பணத்தின் கதையும் இதேதான். 2007 டிசம்பர் வரை புதுச்சேரிக்குத் தனிப் பொதுக் கணக்கே கிடையாது. மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதி ஆணையத்தின் வட்டத்தில் அது இன்றும் இல்லை. மாநிலத் தகுதி கேட்டுப் பேரவை பத்துக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் போட்டுவிட்டது, எந்தக் கட்சி ஆண்டாலும்.

தன்னாட்சி கேட்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காரைக்காலுக்கும் மாகேக்கும் ஏனாமுக்கும் புதுச்சேரி நகரமே ஒரு டெல்லியாக இருக்கிறது என்ற மனத்தாங்கல் உண்டு. மாநிலத் தகுதி கிடைத்தால் அவர்களை யார் கேட்பார்கள்? இதற்கு விடை சொல்லும் கட்டுரை ஒன்றேனும் இந்த அரங்கில் வாசிக்கப்படும் என்று எதிர்பார்க்கிறேன்.

இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக்காப்பகத்தில் கோப்புகள் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். சுங்க வேலிக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களையும், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடுகளையும், எல்லை வயல்காரர்களையும் இந்த ஆண்டே போய்ப் பாருங்கள். தலைவர்கள் சொன்னது பதிவாகிவிட்டது. பர்மிட்டுக்கு வரிசையில் நின்ற பெண்கள் சொன்னது பதிவாகவில்லை.

நேரம் ஆகிவிட்டது. முதல் அமர்வு கீழூர் வாக்கெடுப்பைப் பற்றியது. கட்டுரையாளர்கள் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.