சாட்சிக் கூண்டில் கண் டாக்டர்



கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்குப் பார்வை போய்விடுகிறது. டாக்டரின் கவனக்குறைவுதான் காரணம் என்று அவர் வழக்குப் போடுகிறார். நீதிபதி சட்டம் படித்தவர். விழித்திரை எப்படி இருக்கும், அதில் என்ன கெட்டுப்போகும் என்று அவருக்கு யாராவது விளக்க வேண்டும். அதற்காகத்தான் எங்களைப் போன்ற கண் டாக்டர்களை நிபுணர் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். விழித்திரை சிகிச்சை என் தொழில். இந்தச் சாட்சி வேலையும் நடுநடுவே வந்து சேரும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. டாக்டர் மீது கிரிமினல் புகார் வந்தால், அதே துறையில் தகுதி பெற்ற, எந்தப் பக்கமும் சாயாத இன்னொரு டாக்டரின் கருத்தைப் போலீஸ் முதலில் வாங்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னது. நஷ்டஈட்டு வழக்குகள் எல்லாவற்றுக்கும் நிபுணர் தேவையில்லை என்று 2010-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதுவும் சரிதான். வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணில் ஆபரேஷன் நடந்திருந்தால், அது தவறு என்று சொல்ல நிபுணர் எதற்கு?

எங்களிடம் கேட்கும் கேள்வி இதுதான். அதே படிப்பும் அனுபவமும் உள்ள வேறொரு டாக்டர், அன்றைக்கு, அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? இதில் 'அன்றைக்கு' என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். நிபுணர் அந்த மயக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஃபைல் வந்ததும் வக்கீலின் கடிதத்தை நான் கடைசியில்தான் பிரிப்பேன். முதலில் கேஸ் ஷீட். அதிலும் நர்ஸ்கள் எழுதிய பக்கங்கள். டாக்டர்களின் குறிப்பைவிட அவற்றில்தான் நேரம் சரியாகப் பதிவாகியிருக்கும்.

அப்படி ஒரு ஃபைல். பெரியவர் ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் கண்ணுக்குள் சீழ் கோத்துவிட்டது. கிருமி உள்ளே போனதே டாக்டரின் தப்பு என்பது குடும்பத்தின் புகார். நேயர்களே, இந்தத் தொற்று எவ்வளவு சுத்தமான தியேட்டரிலும் அபூர்வமாக வரும். ஆயிரம் ஆபரேஷனுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆபரேஷனுக்கு முன் கண்ணில் போவிடோன் அயோடின் விட்டார்களா என்று பார்த்தேன். விட்டிருந்தார்கள், நேரமும் எழுதியிருந்தார்கள். பக்கத்தைப் புரட்டினால் நர்ஸ் கையெழுத்தில் ஒரு வரி: நோயாளி போனில் வலி, பார்வை மங்கல் என்றார், சொட்டு மருந்தைத் தொடரச் சொல்லப்பட்டது. அதற்கடுத்த பதிவு மறுநாள் சாயங்காலம். இந்தத் தொற்றில் மணிக்கணக்கில் விழித்திரை அழியும். அன்றைக்கே வரவழைத்துப் பார்த்து, கண்ணுக்குள் ஆன்ட்டிபயாடிக் ஊசி போட்டிருக்க வேண்டும். தொற்று வந்தது குற்றமில்லை, போன் வந்த பிறகு விட்ட அந்த இடைவெளிதான் குற்றம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வக்கீல்களுக்குமே அதில் திருப்தியில்லை. எந்தப் பக்கம் கூப்பிட்டிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

இனி, நான் இன்று பேச வந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் நோய். ஆர்.ஓ.பி. என்போம்.

கருவில் இருக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் பார்வை நரம்பு இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, ஓரங்களை நோக்கி மெல்ல வளர்கின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை ஏறக்குறைய 36 வாரத்தில் எட்டும். காதுப் பக்கத்து ஓரத்துக்குப் போய்ச் சேர 40 வாரம் ஆகும். 29 வாரத்தில் பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. உயிரைக் காப்பாற்ற ஆக்சிஜன் கொடுக்கிறோம். அது அதிகமானால் குழாய்கள் வளர்வதை இன்னும் தடுக்கும். சில வாரம் கழித்து, ரத்தம் போய்ச் சேராத ஓரப் பகுதி பசியெடுத்து ரசாயனச் சமிக்ஞை அனுப்பும். உடனே தாறுமாறான புதுக் குழாய்கள் முளைக்கும். அவை சுருங்கி இழுத்தால், ஈரச் சுவரிலிருந்து சுவரொட்டி உரிவதுபோல விழித்திரை பிய்ந்து வந்துவிடும். அதன் பிறகு பார்வையை மீட்பது மிகக் கடினம்.

குழந்தை அழாது, கண் சிவக்காது. வெளியே ஒன்றுமே தெரியாது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, தலையில் மாட்டிய விளக்கோடு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு விழித்திரையின் ஓரம்வரை பார்த்தால்தான் தெரியும். சில நிமிஷ வேலை. உரிய கட்டத்தில் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் கொடுத்துப் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றிவிடலாம். அந்தக் கட்டம் தாண்டினால் கைவிட்டுப் போய்விடும். இவ்வளவு துல்லியமாகத் தேதி குறித்துத் தடுக்கக்கூடிய பார்வையிழப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

1996 ஆகஸ்ட் 30. சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை. 29-ஆவது வாரம், எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் இருந்துவிட்டு செப்டம்பர் 23-ஆம் தேதி வீட்டுக்குப் போனது. விழித்திரையைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது.

அது வழக்கானபோது, டெல்லி எய்ம்ஸ் நிபுணர் குழுவிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 1996-இல் இந்தப் பரிசோதனை மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயமா? முன்பு சொன்ன அந்த 'அன்றைக்கு' இங்கேதான் வருகிறது. பத்து வருஷத்துக்கு முன்பும் வழிமுறை ஏறக்குறைய இதுதான் என்றது எய்ம்ஸ் அறிக்கை. கருவுற்றதிலிருந்து 31 முதல் 33 வாரத்துக்குள், அல்லது பிறந்த 2 முதல் 6 வாரத்துக்குள் முதல் பரிசோதனை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 29 வாரத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றரை வாரத்தைக் கூட்டினால் 32 வாரம் தாண்டுகிறது. பார்க்க வேண்டிய அந்த நாட்களில் குழந்தை ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்திருக்கிறது!

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

இந்த நோயைப் பற்றி வேறொரு வழக்கில், நுகர்வோர் ஆணையத்தில் நானும் சாட்சி சொல்லியிருக்கிறேன். குறுக்கு விசாரணையில், "ஆமா, இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டர்" என்றார் வக்கீல். ஒரு தாள் கேட்டு வாங்கி வட்டம் வரைந்தேன். நடுவில் பார்வை நரம்பு, குழாய்கள் எதுவரை வந்திருக்கும், எந்த வாரத்தில் லேசர் கொடுத்திருக்கலாம் என்று கோடு போட்டுக் காட்டினேன். ஆணையத்தின் தலைவர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியை அவரே கேட்டார். கோர்ட்டுக்கு வரத் தயங்கும் டாக்டர் நண்பர்களுக்கு இதைச் சொல்கிறேன். சக டாக்டருக்கு எதிராக எப்படிப் பேசுவது என்று நாம் ஒதுங்கிவிட்டால், இழப்பு நோயாளிக்கு மட்டுமில்லை. தவறே செய்யாத டாக்டருக்காகப் பேசவும் ஆளில்லாமல் போகும்.

நேரம் குறைவாக இருப்பதால் இரண்டு விஷயம் மட்டும். கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ 34 வாரத்துக்கு முன்பு, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகக் குழந்தை பிறந்தால், 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்பே பிறந்ததென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இந்த ஒரு நோய்க்காகவாவது எங்கள் மேஜைக்கு இனி ஃபைல் வராமல் இருக்கட்டும்.