குவார்ட்டர்ஸிலிருந்து சொந்த வீட்டுக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் இன்ஜினியர் இல்லை. வாஸ்து நிபுணரும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து, அதில் பாதிக்காலம் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 2022-ல் என் தம்பி, தங்கையோடு சேர்ந்து ஊரில் ஒரு வீடும் கட்டினேன். கடன் கொடுத்த அனுபவமும் உண்டு, வாங்கிய அனுபவமும் உண்டு. அந்த யோக்யதையில்தான் பேசுகிறேன்.

நாங்கள் வளர்ந்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில். அப்பாவுக்கு சுரங்கக் கணக்கு இலாகாவில் உத்தியோகம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குழாயில் வரும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிளப் எல்லாம் கம்பெனி உபயம். குவார்ட்டர்ஸ் வாடகையோ பெயருக்குத்தான். அதனாலேயே சொந்தமாக ஒரு மனை வாங்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் பல பேருக்கு வரவே இல்லை. அப்பா ரிடையர் ஆனபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கிராஜுவிடி பணம் தங்கை கல்யாணத்துக்குப் போயிற்று. ராபர்ட்சன்பேட்டையில் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம்.

பிறகு 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. நூற்றிருபது வருஷம் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊரில், மூன்று தலைமுறையாகக் குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்கள், "இந்த வீடு யாருடையது?" என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தன. நெய்வேலி, பிலாய் போன்ற கம்பெனி ஊர்களில் வேலை பார்த்தவர்களுக்கும் இந்தக் கவலை புரியும்.

எனவே நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். வீட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது மண்ணும் பத்திரமும், இரண்டாவது பணம், மூன்றாவதுதான் பிளான். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பூஜை அறை எந்தப் பக்கம் என்பதில் ஆரம்பித்து, வில்லங்கத்தில் போய் முடிக்கிறோம்.

முதலில் மண். எங்கள் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. "பெங்களூர்ல அபார்ட்மெண்ட்ல எனக்கு மூச்சு முட்டறதுடா. ஸ்கெலட்டன் பக்கமே ஒரு ஆம் கட்டிண்டு வந்துடலாமே" என்றாள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் தங்கவயலில் நிலம் என்றால் அது எந்த வகை என்று முதலில் கேட்க வேண்டும். சுரங்கக் கம்பெனியின் வசம் உள்ள நிலம் ஒரு வகை. நகராட்சிப் பகுதியில் உள்ள மனைகள் இன்னொரு வகை. சுற்றுக் கிராமங்களின் விவசாய நிலம் மூன்றாவது வகை. முதல் வகையைத் தனிநபர் யாரும் நமக்கு விற்க முடியாது. மூன்றாவதில் வீடு கட்ட வேண்டுமானால், விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு மாற்றிய உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

ஒரு தரகர் இரண்டு மனை காட்டினார். ஒன்று நாங்கள் வளர்ந்த இடத்துக்கு வெகு பக்கம், விலையும் பாதி. ஆனால் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் மட்டும்தான் உண்டு. பதிவான கிரயப் பத்திரம் கிடையாது. இன்னொன்று சற்றுத் தள்ளி, ராபர்ட்சன்பேட்டைப் பக்கம், முப்பதுக்கு நாற்பது மனை, காகிதங்கள் சுத்தம். அம்மா சொன்னாள்: "அங்க எல்லாரும் அப்படித்தானேடா வாங்கியிருக்கா? யார் வந்து கேக்கப் போறா?"

நான் சொன்னேன்: "அம்மா, இப்ப யாரும் கேக்க மாட்டா. உன் பேரன் விக்கப் போகும்போது கேப்பா. பாங்க்ல இன்னிக்கே கேப்பா." அந்த ஒப்பந்தத்தின் மேல் எந்த வங்கியும் கடன் தராது. அது மறுபடியும் குவார்ட்டர்ஸ் வாசம்தான். கம்பெனிக்குப் பதில் வேறு யாரோ. இரண்டாவது மனையையே வாங்கினோம்.

பார்க்க வேண்டிய காகிதங்களைச் சொல்கிறேன். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய கிரயப் பத்திரம் வரை அறுபடாத வரிசை. குறைந்தது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ். கர்நாடகத்தில் இதற்கு காவேரி இணையதளம் இருக்கிறது, பழைய வருஷங்களுக்கு சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். விற்பவர் பெயரில் காத்தா. 2024 முதல் கர்நாடகத்தில் பதிவுக்கே இ-காத்தா கேட்கிறார்கள். வரி ரசீது. அங்கீகாரம் பெற்ற லேஅவுட் வரைபடம். இவற்றை வங்கியோடு சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் செலவு.

தங்கவயலுக்கென்று இன்னும் சில விசேஷங்கள் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. பாறை வெடிப்பு, அதாவது ஊரில் சொல்லும் 'ஏர் பிளாஸ்ட்', எங்களுக்குப் பழக்கமான சத்தம். பாத்திரம் அலமாரியில் ஆடும். அம்மா ஒரு ஸ்லோகம் சொல்லிவிட்டு மறுபடி சமைக்கப் போவாள். ஆகவே மனைக்குக் கீழே பழைய சுரங்கவழி எதுவும் போகிறதா என்று விசாரித்தோம். மண் பரிசோதனை செய்து, அஸ்திவார மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் கான்கிரீட் பெல்ட் போட்டோம். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, பின்னால் விரிசலுக்குப் பூசும் செலவை விடக் குறைவு. இன்னொன்று: ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேட்டு மண் சும்மா கிடைக்கிறதே என்று மனை நிரப்ப யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது தங்கம் பிரித்தெடுத்த ஆலைக் கழிவு. வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள் அல்ல.

தண்ணீரும் யோசிக்க வேண்டிய விஷயம். கோலார் ஜில்லாவில் வற்றாத நதி கிடையாது. வருஷத்தில் சுமார் 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர அடி மொட்டை மாடியில் கிட்டத்தட்ட 65,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலே 50,000 லிட்டருக்கு மேல். தொட்டியை அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டினால் சிக்கனம். பிறகு தோண்டினால் இரட்டைச் செலவு.

இனி பணம். மேஸ்திரி சொல்வது சதுர அடிக் கணக்கு. அதில் வராத செலவுகள்தான் வீட்டைப் பாதியில் நிறுத்துகின்றன. ஓர் உதாரணம் போடுகிறேன். 1,100 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 24,20,000 ரூபாய். இதில் காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, பிளான் அனுமதிக் கட்டணம், சமையலறை அலமாரிகள் சேராது. அதற்கு 15 சதவிகிதம், சுமார் 3,60,000. விலை ஏற்றத்துக்கும் "இங்க ஒரு ஜன்னல் வெச்சா நன்னாருக்குமே" என்பதற்கும் 10 சதவிகிதம், சுமார் 2,40,000. ஆக 30 லட்சத்துக்குத் திட்டம் போட வேண்டும், 24 லட்சத்துக்கு அல்ல. க்ருஹப்பிரவேசச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கட்டடக் கணக்கில் கலக்கக் கூடாது.

கடன் எவ்வளவு கிடைக்கும்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவிகிதம் வரை, 75 லட்சம் வரை 80 சதவிகிதம், அதற்கு மேல் 75 சதவிகிதம். இது உச்சவரம்பு, வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. தவணை உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது என் அபிப்ராயம்.

காலத்தையும் கவனியுங்கள். 20 லட்சம் கடன், 8.5 சதவிகித வட்டி. 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 17,360 ரூபாய். கட்டி முடிக்கும் தொகை சுமார் 41.65 லட்சம். 15 வருஷம் என்றால் தவணை சுமார் 19,700, மொத்தம் 35.45 லட்சம். மாதம் 2,340 ரூபாய் கூடக் கட்டினால் ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. 2012-லேயே ரிசர்வ் வங்கி அதை நீக்கிவிட்டது. போனஸ் வந்தால் கடனில் போடுங்கள்.

வங்கி முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காது. முதலில் உங்கள் பங்கைச் செலவழிக்க வேண்டும். பிறகு அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக, இன்ஜினியர் பார்த்த பிறகு வரும். நடுவில் இரண்டு, மூன்று வாரம் தாமதமானால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒரு கட்டத்துக்கு வேண்டிய பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருங்கள். கட்டி முடியும் வரை வீட்டு வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்தே போகும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். முகூர்த்தம் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் பிளான் அனுமதியும் கடன் அனுமதியும் வந்த பிறகு பூமி பூஜைக்கு நாள் பாருங்கள்.

பணம் போதாதபோது ஆத்து நகைகள்தான் முதலில் கண்ணில் படும். நகைக்கடன் குறுகிய காலக் கடன். வீடு நீண்ட காலச் செலவு. ஒரு மாதத் தட்டுப்பாட்டுக்கு வைக்கலாம். கூரை போடுவதற்கே அதை நம்பக் கூடாது.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் விஷயம். வீடு யார் பெயரில்? "அம்மா பேர்ல இருக்கட்டும், சென்டிமெண்ட்" என்று தம்பி சொன்னான். தங்கையும் பணம் போட்டிருந்தாள். பெண்மணி ஒருவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி கணவர், பிள்ளைகள், பெண்கள் எல்லோருக்கும் சம பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று சட்டம் கேட்காது. கடனை ஒருவர் கட்டி, பத்திரத்தில் அவர் பெயர் இல்லாவிட்டால், பழைய வருமான வரி முறையில் உள்ள வட்டிச் சலுகையும் அவருக்குக் கிடைக்காது.

ஆகவே நாங்கள் மூவரும் அம்மா முன்னிலையில் உட்கார்ந்து, அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்பப் பங்கைப் பத்திரத்திலேயே எழுதினோம். அம்மாவுக்கு ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை என்றும் எழுதினோம். அன்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "கூடப் பொறந்தவாளுக்குள்ள என்னடா பத்திரம்?" என்றாள். தங்கைதான் பதில் சொன்னாள்: "நாளைக்கும் கூடப் பொறந்தவாளாவே இருக்கணும்னுதாம்மா."

இங்கே உள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் அடைந்ததும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது விதி. வாங்கிய பத்திரத்தை பீரோவில் வையுங்கள். ஒரு நகலை உங்கள் பெண்ணிடமோ பிள்ளையிடமோ கொடுத்து, எங்கே இருக்கிறது என்றும் சொல்லி வையுங்கள்.

மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் காகித நகல்களோடு வந்தால், தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன். எல்லோருக்கும் மனம்போல நல்ல க்ருஹம் அமையட்டும்.